கருவி மாறும்பொழுது எழுத்து நிற்குமா?
மென்பொருள் உதவி நூல்களின் வெளியீட்டு வடிவங்கள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனைக் கண்டு, இன்ன வழியிற் செல்க, இன்ன ஊரில் தங்குக, இன்னாரைக் காண்க என்று வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அறிந்தவன் அறியாதவனுக்கு, அவன் திகைத்து நிற்கும் இடத்திலேயே வழி சொல்லுதல் அவ்விலக்கிய வகையின் உயிராகும். கணிப்பொறி மென்பொருளோடு சேர்ந்து வரும் உதவி நூலும் இத்தகையதே. திரையில் ஏதோ ஒரு கட்டத்தில் மேற்கொண்டு செய்வதறியாது நிற்பவர் எஃப்1 விசையை அழுத்துகிறார். அக்கட்டத்திற்குரிய விளக்கம் அவர்முன் திறக்கிறது.

இத்தகைய உதவி நூல்களை எழுதித் தொகுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன. ரோபோஹெல்ப், மேட்கேப் ஃபிளேர் என்பன அவற்றுள் பலரறிந்தவை. அவற்றின் புதிய பதிப்புகள் அவ்வப்போது வருகின்றன. நிறுவனமும் பழையதை விடுத்துப் புதியதற்கு மாறுகிறது. அப்பொழுது முதலில் எழும் வினா, எழுதி வைத்ததை இனி எவ்வடிவில் வெளியிடுவது என்பதாகும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இது பெரும்பாலும் வசதி பற்றிய வினா. தமிழில் எழுதுவோர்க்கோ, எழுதிய எழுத்துத் திரையில் தோன்றுமா, தோன்றாதா என்பதே வினா. தமிழ்த்துறை மலரில் இதனைப் பேசுவதற்குரிய நியாயம் அதுவே.

மற்றுமொரு நியாயமும் உண்டு. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களிலிருந்து புறநகர் மின்தொடரில் வந்து பயிலும் நம் மாணவர்களுட் பலர், பட்டம் பெற்றபின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஆலைகளிலும் பணிக்கமர்கின்றனர். எந்திரக் கையேடுகளைத் தமிழாக்கும் வேலை, ‘இவர் தமிழ் நன்றாக எழுதுவார்’ என்ற ஒரே காரணம் பற்றி அவர்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. மொழிபெயர்ப்பைச் செம்மையாகச் செய்துவிடுகின்றனர். அதன்பின் அக்கோப்பு என்னவாகிறது என்பதை மட்டும் அவர்களிடம் எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

முதலும் வழியும்

பவணந்தியார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவார். உதவி நூல் எழுதும் துறையினர் இன்று ‘ஒரே மூலம், பல வெளியீடு’ என்று பெருமையாகக் கூறும் முறையை விளங்கிக்கொள்ள இப்பாகுபாடே போதுமானது. எழுத்தாளர் தட்டச்சு செய்து, தலைப்பு, படிநிலை, எச்சரிக்கை என்று பகுத்து வைத்திருக்கும் கோப்புத் தொகுதி முதல்நூல். அதிலிருந்து கருவி உருவாக்கித் தரும் இணையப் பக்கங்கள், பி.டி.எஃப். ஏடு, திரையில் சிறு கட்டமாக எழும் குறிப்பு ஆகியன வழிநூல்கள். காண்டிகை உரை, விருத்தி உரை என்று ஒரே நூற்பாவிற்குச் சுருக்கமும் பெருக்கமுமாக இருவகை உரை காணும் மரபு நமக்குண்டு. திரைக்குறிப்பு காண்டிகை, அச்சிட்ட கையேடு விருத்தி.

வழிநூல் அழியினும் முதல்நூலிலிருந்து மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். முதல்நூல் அழிந்து வழிநூல் மட்டும் எஞ்சினால் நேரும் துன்பம் பெரிது. பல ஆலைகளில் நிலைமை அதுதான். கையேட்டின் அச்சுப்படி இருக்கும். அதன் மூலக்கோப்பு, எழுதியவர் பணி விலகிய நாளிலேயே அவருடைய கணிப்பொறியோடு போயிருக்கும்.

மறைந்துபோன வடிவங்கள்

வெளியீட்டு வடிவங்களின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதற்குக் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளே சான்று. 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது வின்ஹெல்ப். பச்சை நிறத்தில் அடிக்கோடிட்ட சொல்லைச் சொடுக்கினால் அடுத்த பக்கம் திறந்தது, அக்காலத்தார்க்குப் புதுமையாக இருந்தது. 2007-இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் அதனைத் திறக்கும் நிரல் உடன் தரப்படவில்லை; வேண்டுவோர் தனியே பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1997-இல் வின்ஹெல்ப்பின் இடத்திற்கு வந்தது எச்.டி.எம்.எல். ஹெல்ப். இதன் கோப்புகள் சி.எச்.எம். என்ற பின்னொட்டுடையன. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே கோப்பாகச் சுருக்கித் தந்தமையால் பெருவழக்காயிற்று. 2005-இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்திற்குப் பின், அலுவலகப் பொதுக்கணிப்பொறியில் வைத்த சி.எச்.எம். கோப்பைப் பிற கணிப்பொறிகளிலிருந்து திறப்பது தடுக்கப்பட்டது. பொருளடக்கம் இடப்புறம் தெரியும். வலப்புறம் பக்கம் வராது. ஃபிளாஷ் நுட்பத்தை நம்பி, அசையும் படங்களோடு உதவி நூல் வெளியிட்டோரும் இருந்தனர். 2020 திசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. அந்நூல்கள் அத்துடன் மூடின.

இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுத்தவரும் அறிவிலி அல்லர். அவ்வக்காலத்தில் கருவி முன்வைத்த பட்டியலில் முதலிடத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டனர், அவ்வளவே.

பக்கத்தில் தமிழ், பொருளடக்கத்தில் கேள்விக்குறி

சி.எச்.எம். வடிவத்திற்கும் தமிழுக்கும் உள்ள பகை சிறிது விரித்துரைக்கத்தக்கது. பழைய விண்டோஸ் ஒவ்வொரு மொழிக்கும் 256 இடங்கள் கொண்ட குறியீட்டுப் பக்கம் ஒன்றை வகுத்திருந்தது. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு. எஞ்சிய 128 இடங்கள் அந்தந்த மொழிக்கு. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கு ஒரு பக்கம், உருசிய எழுத்துக்கு ஒன்று, அரபு எழுத்துக்கு ஒன்று, தாய்லாந்து எழுத்துக்கு ஒன்று. தமிழுக்கு அத்தகைய பக்கம் வகுக்கப்படவே இல்லை. விண்டோஸ் 2000-இல் லதா என்னும் எழுத்துருவோடு தமிழ் நுழைந்தபொழுது, நேரே ஒருங்குறி வழியாகவே நுழைந்தது.

சி.எச்.எம். கோப்பின் உட்பக்கங்கள் இணையப் பக்கங்களைப் போன்றவை. ஆதலின் ஒருங்குறித் தமிழ் அவற்றில் செம்மையாகத் தோன்றும். ஆனால் இடப்புறத்துப் பொருளடக்கமும் சொல்லடைவும் தேடலும் பழைய குறியீட்டுப் பக்கத்தை நம்பியவை. அங்கே ‘அழுத்தக் கட்டுப்பாடு’ என்று எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகளே தோன்றும். அரபியில் எழுதினோர்க்கும் தாய் மொழியில் எழுதினோர்க்கும் இவ்விடர் இல்லை. அவர்கட்குரிய குறியீட்டுப் பக்கம் இருந்தது. மாளிகைக்குள் எல்லா அறைகளும் ஒளியுடன் இருக்க, எந்த அறை எங்கே என்று சொல்லும் வாயிற் பலகை மட்டும் வெறுமையாக இருப்பதை ஒக்கும் இது. அப்பலகையின்றி உதவி நூலுக்குள் செல்ல வழியில்லை.

இதன் விளைவை நம் முன்னாள் மாணவர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் பணியாற்றிய ஆலையில், தமிழாக்கம் முழுவதும் முடிந்தபின், பொருளடக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தனராம். பொருளடக்கத்தை ஆங்கிலத்திற் படிக்க வல்லவர்க்கு உட்பக்கத் தமிழ் எதற்கு என்று அவர் வினவியதற்கு விடை கிடைக்கவில்லை. கருவி தரும் வடிவங்களுள் வேறொன்றைத் தேர்ந்திருந்தால், ஒரு பொத்தானை மாற்றி அழுத்தும் அளவிலேயே இடர் தீர்ந்திருக்கும்.

மதுரைத் திட்டம் காட்டிய நெறி

கருவியும் குறியேற்றமும் மாறிக்கொண்டே இருக்கையில் எழுத்தைக் காப்பது எங்ஙனம் என்பதற்குத் தமிழில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமே அது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தமிழ் நூல்களை மின்வடிவாக்கினர். திருக்குறள் அதன் முதல் எண் பெற்ற நூல். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது.

தொடக்கத்தில் அவர்கள் கையாண்டவை மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்கள். பின்னர், மின்னஞ்சல் வழியே தமிழன்பர்கள் கூடி வகுத்த ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்திற்கு மாறினர். அதன்பின் ஒருங்குறிக்கு மாறினர். இதற்கிடையே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும், அது கூடாத இடங்களுக்கு ‘டேஸ் 16’ என்பதையும் தரமாக அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்கள்! ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எண்ணற்ற கோப்புகள் கைவிடப்பட்டன. மதுரைத் திட்டத்தின் நூல்கள் மட்டும் ஒவ்வொரு கரையையும் கடந்து வந்தன.

எவ்வாறு கடந்தன? மூலத்தை எளிய எழுத்துக்கோப்பாக வைத்திருந்ததே முதற்காரணம். அழகு செய்தலும் பக்க அமைப்பும் பிற்பட்டவை, எழுத்து முற்பட்டது. இணையப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் வெளியிட்டனர், ஒன்றைப் படிக்க இயலாதவர் மற்றொன்றைப் படித்தனர். புதிய குறியேற்றம் வந்தபொழுது, பழையதை நிரல் கொண்டு மாற்றினர்.

அம்மாற்றமும் அத்துணை எளிதன்று என்பதைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும். ‘கோ’ என்னும் எழுத்தைத் திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவு செய்யும்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, ஓகாரக் குறியை அதன்பின் ஒரே அலகாக வைக்கும். ஒன்று கைவழக்கை ஒட்டியது. மற்றொன்று ஒலிமுறையை ஒட்டியது. மாற்றும் நிரல் இவ்வேறுபாட்டை உணராவிடின், கொம்பு முன்னெழுத்தோடு சென்று ஒட்டிக்கொள்ளும்.

உதவி நூல்களில் இதனினும் பெரிய கண்ணி ஒன்று உண்டு. மயிலை போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழை அமர்த்தியவை. கோப்பில் உள்ளது ஆங்கிலம். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. உதவி நூலிலோ பொத்தான்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இடையிடையே வரும். எந்தப் பகுதிக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு தொலைந்துபோன கோப்பை அப்படியே மாற்றினால், எந்திரத்தின் நிறுத்தப் பொத்தான் பெயர் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். பாட்டு நூலில் இது பிழை. ஆலைக் கையேட்டில் இது விபத்து.

இவ்வகை எழுத்துருவில் ஆக்கிய பி.டி.எஃப். ஏடுகள் இன்றும் பல அலுவலகங்களில் உள்ளன. கண்ணுக்கு அழகிய தமிழாகத் தோன்றும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகும்.

அரபுத்தமிழ் நூல்கள்

இவ்விடத்தில் நம் வீட்டுப் பேழைகளில் உள்ள மற்றொரு சான்றையும் நினைவுகூரலாம். தமிழ் முஸ்லிம்கள் தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழொலிகளுக்கென மேலும் சில எழுத்துகளை ஆக்கிக்கொண்டு, வலமிருந்து இடமாக எழுதினர். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்றோர் இவ்வெழுத்தில் நூல்கள் பல இயற்றினர். அவை கல்லச்சில் பதிப்பிக்கப்பெற்று இல்லந்தோறும் பரவின. குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழெழுத்து அறியாத மகளிர்க்கு அவ்வடிவமே பொருத்தமாக இருந்தது. படிப்பவரை நோக்கித் தேர்ந்த வடிவம் அது. அன்றைக்குச் சரியான தேர்வு. பிற்காலத்தில் அம்மகளிரின் பேத்திகள் பள்ளியில் தமிழெழுத்துக் கற்றனர். நூல்கள் அனைத்தும் அவர்கள் கற்ற எழுத்திற்கு மாற்றப்படவில்லை. பாட்டி பாடிக் கேட்ட வரிகள் அடங்கிய நூல் கையில் இருந்தும், எழுத்துக்கூட்டினால் தம் தமிழே எனத் தெரிந்தும், தொடர்ந்து படிக்க இயலாதோர் நம்மிடையே பலர். வடிவம் படிப்போரைப் பின்தொடராவிடின் நேர்வது இதுவேயன்றோ?

ஆலைத்தளத்திற்கு எது பொருந்தும்?

நன்னூலார் சிறப்புப்பாயிர இலக்கணத்துள் கேட்போர், பயன் என்பவற்றையும் சேர்த்தே எண்ணுவார். வெளியீட்டு வடிவத்தைத் தேர்வோர் தொடங்க வேண்டிய இடமும் அதுவே: கேட்போர் யார், எங்கே நிற்கின்றார்?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலையொன்றை எண்ணிப் பார்ப்போம். இரவு ஷிப்டு. கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு கணிப்பொறி. எந்திரத்தின் மென்பொருள் புதிய விண்டோஸில் இயங்காது என்பதால் பழைய பதிப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கருதி இணைய இணைப்பு இல்லை. தளத்தில் நிற்போருள் தமிழர், ஆந்திர எல்லை அண்மையில் இருப்பதால் தெலுங்கர், வடமாநிலங்களிலிருந்து வந்தோர் எனப் பலர். கையில் எண்ணெய், விசைப்பலகையைத் தொட இயலாது. இவர்களுக்கு ‘எங்கள் உதவி நூல் முழுவதும் இணையத்தில் உள்ளது’ என்பது உதவியாகாது.

இங்கே ஒரே வடிவம் போதாது. கட்டுப்பாட்டு அறைக்கு, இணைப்பின்றித் திறக்கக்கூடிய எச்.டி.எம்.எல். பக்கத் தொகுதி, ஒருங்குறித் தமிழில், எழுத்துருவையும் உடன் வைத்து அளிக்கப்பட வேண்டும். புதிய கருவிகள் தரும் இணைய வடிவங்களுட் சில, வழங்கியில் ஏற்றினால் மட்டுமே பொருளடக்கமும் தேடலும் இயங்கும்படி அமைந்தவை. ஆதலின் கோப்புறையிலிருந்து நேரே திறந்து பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும். அதுவும் எழுதுவோரின் புதுக் கணிப்பொறியில் அன்று, ஆலையின் அப்பழைய கணிப்பொறியிலேயே பார்த்தல் வேண்டும். எந்திரத்தின் அருகே தொங்கவிடுவதற்கு, அதே மூலத்திலிருந்து ஆக்கிய பி.டி.எஃப்.; அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு மாட்டத்தக்க ஒற்றைத் தாள்கள். பி.டி.எஃப். என்பதை அச்சுக்கு நம்பலாம். ஒருங்குறியில் ஆக்கியதேயாயினும் கொம்புடைய எழுத்துகளைத் தேடுவதில் அது பலவேளை தவறுகிறது. சி.எச்.எம். வடிவம் தமிழுக்கு வேண்டா.

சுவரில் மாட்டும் தாளை எள்ளற்க. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அச்சட்டப்படி வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும், வாயிலருகே எளிதிற் காணும் இடத்தில் இருத்தல் வேண்டும் என விதித்திருந்தது. மொழி, இடம் இரண்டையும் ஒருங்கே எண்ணிய விதி அது.

கருவியைப் புதுப்பிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பழைய தொகுதி முழுவதையும் ஒரு படி எடுத்து வைத்துவிட்டே புதிய பதிப்பில் திறத்தல் வேண்டும். புதியதில் ஒருமுறை திறந்து சேமித்ததைப் பழையது பெரும்பாலும் திறவாது. முதலில் ஓர் இயலை மட்டும் மாற்றிப் பார்ப்பது நன்று. எஃப்1 விசைக்கும் பக்கத்திற்கும் இடையே எண்வழித் தொடர்பு ஒன்று உண்டு. மாற்றத்தின்போது பக்கத்தின் கோப்புப்பெயர் மாறினால், அத்தொடர்பு அறும். அல்லது வேறு பக்கத்தைத் திறக்கும். திறவாதது கண்ணுக்குத் தெரியும். மாறித் திறப்பதே அஞ்சத்தக்கது.

சொல்லடைவும் நெடுங்கணக்கும்

இறுதியாக, கணிப்பொறி வல்லுநர் பெரும்பாலும் காணாது விடுவதும் தமிழ் மாணவர் ஒரு நொடியிற் கண்டுகொள்வதுமான ஒன்றைக் கூறல் வேண்டும். ஆங்கில உதவி நூலில் தேடல் எளிது. தமிழில் சொல் உருபேற்று மாறும். ‘வால்வு’ என்று தேடுவோர்க்கு ‘வால்வை மூடுக’ என்ற தொடர் அகப்படாது. உகரம் ஐகாரத்திற்கு இடம் விட்டு நீங்கிவிட்டது. எனவே தமிழ் உதவி நூலுக்குத் தேடலைவிடச் சொல்லடைவு இன்றியமையாதது.

அச்சொல்லடைவைக் கருவி தானே வரிசைப்படுத்தித் தரும். எவ்வரிசையில் என்பதே வினா. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. ஒருங்குறி அட்டவணையிலோ இடையின, வல்லின, மெல்லின எழுத்துகள் வடமொழி வரிசையை ஒட்டிக் கலந்து நிற்கின்றன: ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ. தமிழ் வரிசைமுறை அறியாத கருவி, குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும். ‘அவசர நிறுத்தம்’, ‘அழுத்தம்’, ‘அளவி’ என்னும் மூன்று சொற்களை நம் அகராதி முறைப்படி எழுதினால் இதே வரிசையில் அமையும். குறியெண் முறைப்படி அடுக்கினால் அளவி, அழுத்தம், அவசர நிறுத்தம் என முற்றிலும் தலைகீழாகும். மூன்று சொற்களில் இது சிறிதாகத் தோன்றலாம். அகரத்தில் தொடங்கும் இருநூறு பதிவுகளுக்கிடையே, அகராதி பார்த்துப் பழகிய கண் ‘அவசர நிறுத்தம்’ என்பதை அழுத்தத்திற்கு முன்னே தேடும். கருவி அதனைப் பல பதிவுகள் தள்ளிப் பின்னே வைத்திருக்கும்.

எனவே நம் மாணவர்க்கு இம்மூன்று சொற்களையே முதற்சோதனையாகத் தருகிறேன். புதுப்பித்த கருவியில் இவற்றைச் சொல்லடைவில் இட்டு, வெளியிட்டு, வரிசையைக் காண்க. அடுத்து ‘கோபுரம்’, ‘கௌரவம்’, ‘மின்னணு’ ஆகிய சொற்களைப் பொருளடக்கத் தலைப்பாக வைத்துக் கேள்விக்குறி வருகிறதா என்று காண்க. தமிழ்த் தொடருக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பொத்தான் பெயரை வைத்துக் காண்க. வெளியிட்ட கோப்புறையை விரலியில் படியெடுத்து, இணைப்பைத் துண்டித்த வேறொரு கணிப்பொறியில் திறந்து காண்க. நான்கிற்கும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது.